மூன்று கை உப்பு

இந்த பஸ் ஊர் ஊராகச் சுற்றிப் போகும் என்று எனக்கும் தெரியும் தங்கச்சி. என் மகள்தான் இதில் ஏற்றிவிட்டாள். "பைபாஸ் பஸ்ஸு பறக்கும்மா, ஒனக்கு இடுப்பு தாங்காது. இது நிதானமாப் போவும்" என்றாள். கண்டக்டரிடமும், "அவசரமே இல்லண்ணே, மெதுவாவே போங்க" என்று ஒன்றுக்கு இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். பாசமான பிள்ளை.

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஐயோ, முகத்தை அப்படி வைக்காதீர்கள், எனக்கு ஒரு குறையும் இல்லை, ஸ்தோத்திரம். சமைக்கப் போகிறேன். மிஷன் ஆஸ்பத்திரியில் என் மகன் இன்றைக்குக் கேன்டீன் திறக்கிறான். முதல் மீன்குழம்பு என் கையால் வைக்க வேண்டுமாம். நானாகக் கேட்கவில்லை. பெரிய டாக்டரே கேட்டார்.

எப்படி என்றா? சொல்கிறேன். பஸ்தான் நிதானமாகப் போகிறதே.

என் பெயர் தங்கபுஷ்பம். வீடு பாளையங்கோட்டையில். எங்கள் சார், என் வீட்டுக்காரர்தான், வாத்தியாராக இருந்தவர், கர்த்தரிடத்தில் போய்விட்டார். நான் எட்டாவதோடு நின்றவள். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் ஆசீர், இளையவள் எப்சிபா. ஆசீர் பெண்டாட்டி ரெக்ஸ்லின், தூத்துக்குடி கடற்கரைப் பெண். அவள் அப்பா மீன் ஏலம் விடுகிறவர். ஆர்.சி. நாங்கள் சி.எஸ்.ஐ. அதைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறப்பதில்லை. உங்களிடம் சொன்னது ஒரு பேச்சுக்கு.

ஆசீர் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சாப்பாட்டுக் கடை போட்டான். என்ன பெயர் தெரியுமா? 'புஷ்பம்மா மீன் சாப்பாடு'. போர்டில் என் படம். எனக்கு ஒரே கூச்சம். ஆனால் கூச்சத்தைவிட வருத்தம்தான் பெரிசு. பெயர் என்னுடையது, படம் என்னுடையது, குழம்பு மட்டும் ரெக்ஸ்லினுடையது. ஒருநாள், ஒரே ஒருநாள், "அம்மா, நீ வந்து ஒரு கை வையி" என்று யாராவது கூப்பிட்டார்களா? கிடையாது. நான் போனால் காற்றாடிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்த்துவார்கள். டீ வரும். எழுந்து அடுக்களைப் பக்கம் நடந்தால் ரெக்ஸ்லின் குறுக்கே வந்துவிடுவாள்.

"மாமி, உள்ள புகை. உங்களுக்கு ஆவாது."

கடற்கரைப் பக்கம் மாமியாரை மாமி என்றுதான் சொல்வார்கள். அது சரி, புகை எங்கே இருந்து வரும்? கேஸ் அடுப்பு.

என் மீன்குழம்பைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. சொல்லத் தெரியவும் தெரியாது, ஏனென்றால் நான் அதை ருசி பார்த்ததே இல்லை. ஆசீர் கைப்பிள்ளையாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்து டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "ஆண்டவரே, இவனை எனக்குத் திருப்பிக் கொடுத்தால் என் ஜீவன் உள்ள மட்டும் மீனை நாக்கில் வைக்க மாட்டேன்" என்று பொருத்தனை பண்ணினேன். விடிவதற்குள் பிள்ளைக்கு வேர்த்தது, பால் கேட்டு அழுதது. அன்றோடு மீனை விட்டேன். சமைப்பேன், வாயில் வைக்க மாட்டேன். உப்புக்கூடப் பார்க்க மாட்டேன். எதற்குப் பார்க்க வேண்டும்? கை இருக்கிறதே. என் மாமியார் வீட்டில் அண்ணன் தம்பி குடும்பம் எல்லாவற்றுக்கும் ஒரே உலை, ஒரே குழம்பு, இரண்டு ஆள் தூக்குகிற பானை. அங்கே பழகிய கை இது. பிறகு நாங்கள் தனிக்குடித்தனம் வந்தோம், பானை சின்னதாகிவிட்டது. அதற்காகக் கை சின்னதாகுமா? பழகினது பழகினதுதான்.

வீட்டில் ஒருவர் ஒரு குறை சொன்னதில்லை. எங்கள் சார் மற்ற நாளெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாக்கியத்தில் ஜெபத்தை முடித்துவிடுவார். மீன்குழம்பு அன்றைக்கு மட்டும் தட்டைப் பார்த்தவுடன் அவருக்கு ஜெபம் ஊறும். தேசத்தின் அதிபதிகள், சபை, மிஷனெரிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று எல்லாரும் வந்துவிடுவார்கள். பிள்ளைகளும் சத்தம் காட்டாமல் சாப்பிடுவார்கள். தண்ணீர் நன்றாகக் குடிப்பார்கள். அன்றைக்கென்று ஒரு குடம் கூடுதலாகப் போகும். சாருக்குப் பிரஷர் வந்து டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அன்றோடு வீட்டில் ஊறுகாயை நிறுத்திவிட்டேன். ஒன்று சொன்னால் கேட்டுக்கொள்கிறவள்தான் நான்.

சிரித்தீர்களா? இருமலா. தண்ணீர் குடியுங்கள்.

கடை ஓடவில்லை தங்கச்சி. சந்துக்குள் யார் வருவார்கள்? ஆசீருக்கு மஸ்கட்டில் ஓட்டல் வேலை ஒன்று அமைந்து விசாவும் வந்துவிட்டது. "பாப்போம்மா. வேற வழியே இல்லன்னா போயிருதேன்" என்றான். எந்தப் பிள்ளைக்காக மீனை விட்டேனோ அந்தப் பிள்ளை கடல் தாண்டிப் போகிறது. நான் யாரிடம் போய்ச் சொல்ல? முழங்காலில் நின்றேன்.

அப்போதுதான் மைதானத்தில் உணவுத் திருவிழா வந்தது. ஊர் ஓட்டல்காரர்கள் எல்லாம் வரிசையாகப் பந்தல் போட்டு, தொன்னையில் கொஞ்சம் கொஞ்சமாக ருசி காட்டுவார்கள். நம் ஆசீருக்கும் ஒரு பந்தல் கிடைத்தது. ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் அன்று சாயங்காலம் வருகிறார், கேன்டீனுக்கு ஆள் தேடுகிறார் என்று சேதி. அவருக்கு மீன்குழம்பு பிடித்தால் கேன்டீன் ஆசீருக்கு. கேன்டீன் கிடைத்தால் மஸ்கட் இல்லை. அவ்வளவுதான் காரியம்.

எனக்கு ஜெபத்தில் தெளிவாகத் தெரிந்துவிட்டது. கடை ஏன் ஓடவில்லை? என் கை படவில்லை.

"நானும் வாரேன்" என்றேன். ரெக்ஸ்லின் எப்சியைப் பார்த்தாள். எப்சி, "நான் லீவு போடுதேன்" என்றாள். பாங்கில் வேலை, கல்யாண வீட்டுக்கே லீவு போடாதவள். பெற்ற தாயை ஒரு டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனதில்லை. அன்றைக்கு மைதானத்தில் கால் வைத்ததுமே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாம்மா. ஒவ்வொரு கடையா ருசி பாப்போம்."

"மொதல்ல அண்ணன் கடைக்குப் போவோம் எப்சி."

"அது எங்கயும் ஓடிறாது. மொதல்ல இதப் பாரு, சொதி."

இடியாப்பமும் சொதியும் கொடுத்தார்கள். நம் ஊர்ச் சொதிதானே, தேங்காய்ப்பால் மணம் மூக்கில் ஏறியது. நான் எதைச் சாப்பிட்டாலும் கண்ணை மூடி ஜெபம் பண்ணாமல் வாயில் வைக்க மாட்டேன். பின்னால் வரிசை நிற்கிறதே என்று சுருக்கமாக முடிக்கப் பார்த்தேன். எப்சி காதுக்குள் சொல்கிறாள்: "அவசரப்படாதம்மா. நல்லா நீளமாப் பண்ணு." இந்தப் பிள்ளை வாயில் இருந்து இப்படி ஒரு வார்த்தை! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சார் மாதிரியே மிஷனெரிகள் வரைக்கும் போய்விட்டு வந்தேன். கண்ணைத் திறந்தால் இடியாப்பம் ஆறிப்போயிருந்தது.

ருசி நன்றாகத்தான் இருந்தது. உப்பு மட்டும் இல்லை.

"தம்பி, உப்பு போட மறந்துட்டிய" என்று மெதுவாகத்தான் சொன்னேன். அந்தத் தம்பி பதறிப்போய்க் கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்தான். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்கு ஊற்றப் போய்விட்டான். பாவம், கூட்டத்தில் என்ன சொல்வான்.

அடுத்தது பிரியாணி. பாய் ஒருவர் தம் உடைத்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடியதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முடித்ததும், "ஆமீன்" என்றார். நல்ல மனுஷர். பிரியாணியில் உப்பில்லை. பிறகு கறிதோசை, பிறகு நாட்டுக்கோழி பிச்சுப்போட்டது, எண்ணெய்ப் பரோட்டா, உளுந்தங்களி. எங்குமே உப்பில்லை. கொழுக்கட்டை மாதிரி ஒன்று, மோமோ என்றார்கள், மணிப்பூர்ப் பெண் ஒருத்தி அவித்துக்கொண்டிருந்தாள். என் ஜெபம் ஒரு வார்த்தை அவளுக்குப் புரிந்திருக்காது, ஆனால் எனக்கு முந்தி "ஆமென்" சொன்னாள். அவளும் நம் பிள்ளைதான். உப்பு மட்டும் அவளும் போடவில்லை.

எனக்குப் பயம் வந்துவிட்டது தங்கச்சி. ஊர் முழுக்க இப்படி உப்பில்லாமல் சமைத்துச் சாப்பிடப் பழகிவிட்டதே. ரெக்ஸ்லினும் இந்தக் காலத்துப் பெண்தானே? அவளும் இப்படித்தானே வைத்திருப்பாள்? டாக்டர் வந்து வாயில் வைத்து, 'இதென்ன சப்பென்று' என்று போய்விட்டால்?

"எப்சி, அண்ணன் கடைக்குப் போவோம்ட்டி."

"இன்னும் அந்தப் பக்கம் முழுசாப் பாக்கலியே. ஜிகர்தண்டா இருக்கு, பருத்திப்பால் இருக்கு."

"வயிறு கொள்ளாது."

"ஒரு வாய்தானம்மா. எனக்காவ."

மகள் அப்படிக் கேட்டால் எந்தத் தாய் மறுப்பாள்? ஜிகர்தண்டா வரிசை நீளமாக இருந்தது. "நீ வாங்கிட்டு வா, நான் இந்த நாற்காலியில இருக்கேன்" என்றேன். "அசையக்கூடாது" என்றாள். சரி என்றேன். அவள் திரும்பியதும் எழுந்தேன். பொய் சொல்லவில்லை, இருக்கத்தான் செய்தேன். கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஆசீர் பந்தலுக்குப் பின்பக்கமாகப் போனேன். முன்னால் அவன் யாருக்கோ தொன்னையில் ஊற்றிக்கொண்டிருந்தான். ரெக்ஸ்லின் வாழையிலை நறுக்கப் போயிருந்தாள். அடுப்பில் அண்டா. அதைப் பார்த்ததும் எனக்கு என் மாமியார் வீடே ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவு பெரிசு. நிறமெல்லாம் குறை சொல்ல முடியாது, சாளை மீன் மேலே மினுங்கிக்கொண்டு கிடந்தது. நான் வாயில் வைக்க முடியாது. மணத்தை வைத்துத்தான் சொல்கிறேன், உப்பு இல்லை.

பக்கத்தில் கல்லுப்பு ஜாடி. ஜெபம் பண்ணினேன். ஒரு கை போட்டேன். கூட்டத்தைப் பார்த்தேன், இன்னொரு கை போட்டேன். டாக்டர் வருகிறாரே என்று நினைத்து இன்னொரு கை.

கிண்டிக்கொண்டிருக்கும்போது ஆசீர் திரும்பிவிட்டான்.

"என்னம்மா பண்ணுத?"

"ஒண்ணும் இல்லப்பா. உப்பு பத்தல, போட்டேன்."

அவன் கரண்டியை வாங்கி ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினான். தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கடகடவென்று குடித்தான். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. எத்தனை வருஷம் கழித்து அம்மா கை பட்ட ருசி! பிள்ளைக்குத் தாங்கவில்லை.

அந்த நேரத்துக்கு எப்சி ஜிகர்தண்டாவோடு ஓடிவந்தாள், பாதி சேலையில் சிந்தியிருந்தது. ரெக்ஸ்லினும் இலையோடு வந்துவிட்டாள். ஆசீர் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஜாடியைப் பார்த்தாள்.

"மாமி, எத்தன கை?"

"மூணுதாம்மா."

"மாதாவே" என்று நெஞ்சில் கை வைத்தாள். சந்தோஷத்திலும் அவர்களுக்கு மாதாதான்.

"பெரிய டாக்டரு பரோட்டாக் கடைல நிக்காரு, அடுத்து இங்கதான்" என்றாள் எப்சி.

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் என்னிடம் ஒரு கடின வார்த்தை பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆசீர் இரண்டு துணியை எடுத்து அண்டாவின் காதைப் பிடித்தான். "எறக்கி வச்சிருதேன்" என்றான். தூக்கினான். அப்புறம் எப்படி என்று தெரியவில்லை, அண்டா சாய்ந்துவிட்டது. கை நழுவினது மாதிரியும் இல்லை, கவிழ்த்தது மாதிரி இருந்தது. குழம்பு அவ்வளவும் மண்ணில்.

நான் "ஐயோ" என்று உட்கார்ந்துவிட்டேன். வயசு இவ்வளவு ஆகியும் அவனுக்குக் கை நிதானம் இல்லை. போயிற்று, எல்லாம் போயிற்று, மஸ்கட்தான் என்று அழுகிறேன். ஆசீர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடும்மா, என் தப்புதான்" என்கிறான். அவன் தப்புதான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அப்போது ரெக்ஸ்லின் மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்தாள்.

"அழாதீங்க மாமி. டாக்டருக்கு இது போதும். இதுலயும் உங்க குழம்புதான் இருக்கு."

நான் உப்புப் போட்டதும் எந்த நேரத்தில் எடுத்து வைத்தாளோ, எனக்குத் தெரியவே இல்லை. கடற்கரைப் பெண்களுக்குக் கை சுறுசுறுப்பு அதிகம். ஆர்.சி. ஆனாலும் அதைச் சொல்ல வேண்டும்.

எப்சி வாழையிலையைப் போட்டு மண்ணை மூடவும் டாக்டர் வந்தார். காலியான அண்டாவைப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள தீந்துட்டா?" என்றார். "ஆமா சார், மிச்சம் இல்ல" என்றான் ஆசீர். ரெக்ஸ்லின் சோறும் குழம்பும் வைத்தாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். இலையை வழித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"உப்பு புளி எல்லாம் அளவா இருக்கு. நோயாளிகளுக்கே குடுக்கலாம் போலிருக்கே. யாரு கைப்பக்குவம்?"

ரெக்ஸ்லின் போர்டில் இருக்கும் படத்தைக் காட்டினாள், என்னைக் காட்டினாள். "இவ்வ கைப்பக்குவந்தான் சார். எங்க மாமி."

தானே வைத்தேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை பாருங்கள். அன்றைக்கு எனக்கு அவள் மேல் இருந்த மன வருத்தம் எல்லாம் போய்விட்டது.

"ருசி பாத்துப் பாத்துப் போடுவீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

பொருத்தனையைச் சொன்னேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். "ருசியே பாக்காம இந்த அளவா? என் சர்வீஸ்ல இப்படி ஒரு கையப் பாத்ததில்ல."

"நாங்களும் பாத்ததில்ல சார்" என்றாள் எப்சி.

அவர் அங்கேயே முடிவைச் சொல்லிவிட்டார். கேன்டீன் ஆசீருக்குத்தான். ஆனால் ஒரு ஆசை. திறப்பு நாளன்று டாக்டர்கள், நர்சுகள், ஊழியக்காரர்கள், சர்ச் பாதிரி ஐயர், எல்லாரும் இருக்கும்போது இந்த அம்மா தன் கையால் முதல் குழம்பை வைக்க வேண்டும். எல்லாரும் பந்தியில் சாப்பிட்ட கையோடு ஒப்பந்தத்தில் கையெழுத்து. "வருவீங்களாம்மா?" என்று கேட்டார். "கர்த்தருக்குச் சித்தமானால் வருவேன்" என்றேன். ஆசீர் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தான். காலையில் இருந்து நின்ற அலுப்பு.

அந்தக் கையெழுத்து இன்றைக்கு. அதுவரைக்கும் மஸ்கட் விசாவைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறான்.

முறுக்கா? கொடுங்கள். ஒரு நிமிஷம்... ஆமென். நீங்களே சுட்டதா? மொறுமொறுப்பு நன்றாக வந்திருக்கிறது. அடுத்த தடவை உப்பு மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், ஆசீரும் ரெக்ஸ்லினும் விடியுமுன்னே வேனில் போய்விட்டார்கள். வேனில் எனக்கு இடம் இல்லை. ரெக்ஸ்லின் இரண்டு அண்டா ஏற்றியிருக்கிறாள். ஒன்று நான் வைப்பதற்கு. இன்னொன்றை அவள் காலையிலேயே வைத்து மூடிவிடுவாளாம். கூட்டம் கூடினால் பத்தாதே என்று. முன்யோசனை உள்ள பெண். ஆசீரிடம் மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், இந்தத் தடவையாவது அண்டாவை நீ தூக்காதே என்று. "பாப்போம்மா" என்றான்.

ஆனால் தங்கச்சி, நான் உங்களிடம் சொல்ல வந்தது குழம்பைப் பற்றி இல்லை. என் பிள்ளைகள் ஜெபிக்க வேண்டும் என்று நான் எத்தனை வருஷமாக ஆண்டவரிடம் மன்றாடியிருக்கிறேன் தெரியுமா? எப்சியைச் சர்ச்சுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பாள். ஆசீர் கிறிஸ்துமசுக்கு வருவான், அதுவும் கேக்குக்கு. திருவிழா முடிந்த நாளில் இருந்து என் வீட்டை வந்து பார்க்க வேண்டும் நீங்கள். எப்சி வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தாள். ஆசீர் வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறான், கூப்பிட்டாலும் காதில் விழுவதில்லை. கடையில் வேலை இல்லாத நேரமெல்லாம் ரெக்ஸ்லின் ஜெபமாலையை உருட்டுகிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எப்படியோ ஒன்று, ஜெபம் ஜெபம்தானே.

நேற்று சாயங்காலம் நான் அடுக்களைக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிகிறது. ரெக்ஸ்லின் முழங்காலில் நிற்கிறாள். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். நான் வந்தது அவளுக்குத் தெரியாது. "தாயே, வேற ஒண்ணும் கேக்கல. நாளைக்கு அந்தக் கைய மட்டும் நீ பிடிச்சுக்கோ" என்கிறாள்.

எனக்கு மணிக்கட்டில் ஒரு வலி உண்டு. எப்போதோ ஒரு தடவை அவளிடம் சொன்னது. அதை மனசில் வைத்துக்கொண்டு, இதோ, இந்தக் கைக்காக அழுகிறாள். சொல்லுங்கள் தங்கச்சி, எந்த மருமகள் மாமியார் கைக்காக அழுவாள்?